லோரென்சோ வராத இரவு

லோரென்சோவின் விமானம் மிலானிலேயே நின்றுவிட்டது.
கட்டிய பணம் திரும்பாது என்று
பசுமலை ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள்.
முதலாளி பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஒச்சம்மா, நீயும் வீட்டுக்காரரும் போயி
ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க" என்றார்.
பதினோரு வருஷக் கணக்கு வேலையில்
எனக்குக் கிடைத்த முதல் போனஸ்
இன்னொருத்தர் பேரில் இருந்தது.

மகளை ஒத்தக்கடையில் தங்கச்சியிடம் விட்டோம்.
எக்ஸெல் வண்டி மலையேற முக்கியது.
கடைசி வளைவில் இறங்கி நடந்தேன்.
வாசலில் மீசைக்காரர் சல்யூட் அடித்தார்.
காசிமாயன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு
அவருக்குப் பதில் சல்யூட் அடித்தார்.
யார் முதலில் கையை இறக்குவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றார்கள்.

தலையணை மேல் ஓர் அட்டை:
நல்வரவு, மிஸ்டர் லோரென்சோ.
"என்னையத்தான் சொல்றான்" என்று
சட்டையைக் கழற்றி ஆணி தேடினார்.
ஆணியே அடிக்காத சுவர்.
துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள்
கட்டில் நடுவே கழுத்தைச் சேர்த்திருந்தன.
கலைக்க மனசில்லை.
ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தோம்.

குளியலறையில் செருப்பைக் கழற்றினேன்.
கறுப்பு, நடுவில் சாம்பல் ஓட்டம்.
மேலூர்க் கல்.
எங்கள் மூன்றாம் நம்பர் மிஷினில் அறுத்தது.
எண்பத்தெட்டு ஸ்லாப், இரண்டு உடைசல்,
சதுர அடி நூற்றி நாற்பது,
கடைசித் தவணை இன்னும் வரவில்லை.
இத்தனை நாள் எண்ணாக மட்டும் பார்த்திருந்தது
உள்ளங்கால் வழியே
சில்லென்று ஏறியது.

போன தடவை வந்தபோது லோரென்சோ
போனில் படம் காட்டினார்.
அவர் ஊர்க் கடற்கரை, பாறைமேல் ஒரு ஹோட்டல்,
எலுமிச்சை மரங்கள், வெள்ளைக் குடைகள்,
அறை வாசலிலிருந்து கடலுக்குள் இறங்கும் படிக்கட்டு.
படிக்கட்டை விரலால் பெரிதாக்கி
"உங்க கல், உங்க கல்" என்றார்,
அதற்கென்றே கற்றுக்கொண்டு வந்த தமிழில்.
ஒரு நாள் வாடகை கேட்டேன். சொன்னார்.
ரூபாயாக்கிப் பார்த்தேன்:
எங்கள் கட்டிங் ஆளுக்கு ஏழு மாதச் சம்பளம்.

எங்கள் மலை
எங்களுக்கு முந்தியே கடலுக்குப் போய்விட்டது.
அது இருந்த இடத்தில் பள்ளம்.
பள்ளத்தில் மழைத்தண்ணீர்,
அந்தப் படத்தில் இருந்த அதே நீலம்.
லீவு நாளில் பையன்கள் மேலிருந்து குதிக்கிறார்கள்,
படத்துப் பிள்ளைகள் மாதிரியே
முழங்காலை மடக்கிக் கட்டிக்கொண்டு.
போன ஐப்பசியில் ஒருவன் மேலே வரவில்லை.
அந்த வீட்டுக்குக் கொடுத்த பணம்
என் கணக்கில்தான் இருக்கிறது,
'இதரச் செலவு' என்ற தலைப்பில்.
எழுதியது நான்.

ராத்திரி பால்கனியில் நின்றோம்.
மயில் ஒன்று இருட்டுக்குள் கத்தியது.
கீழே விளக்கு விளக்காக மதுரை.
நான் கோபுரங்களைத் தேடினேன்.
அவர் வண்டியூரில் எங்கள் தெருவைத் தேடிவிட்டு
"கரண்டு இல்ல போல, அதான் தெரியல" என்றார்.

எங்கள் தெருவில் நாலு நாளைக்கொரு தரம் தண்ணீர்.
காசிமாயன் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார்,
குழாய் நின்றுவிடுமோ என்று
பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து.
முதலில் நான் குளித்தேன்,
அப்புறம் அதே தண்ணீரில் அவர்.
"அடைப்பானை எடுத்து விடுங்க" என்றேன்.
"இம்புட்டுத் தண்ணியவா?" என்றார்.

காலையில் மகளுக்கு நாலு குட்டி ஷாம்பு எடுத்துக்கொண்டேன்.
வரவேற்பில் அந்தப் பெண் கையெழுத்துக் கேட்டாள்.
பேனாவை வாங்கி, என்னை ஒரு தரம் பார்த்து,
லோரென்சோ என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு நேரே
பொ. காசிமாயன் என்று போட்டார், தமிழில்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு மலையிறங்கினோம்,
பெட்ரோல் மிச்சம்.
காற்றில் அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.
மேலே அந்த அறையில்
கறுப்புக் கல்லுக்கு நடுவே
தண்ணீர் அசையாமல் நிற்கும்,
துடைக்க வருகிறவள்
முழங்கை வரை கையை விட்டு
அடியில் தேடும் வரைக்கும்.